"வைரஸ் உருமாறிடுச்சு"ன்னு நியூஸ் வந்தா அதை எப்படிப் படிக்கணும்: பறவைக் காய்ச்சல் ம்யூட்டேஷன் பத்தி ஒரு கைடு

மாசத்துக்கு ஒரு தடவையாவது "பறவைக் காய்ச்சல் வைரஸ் உருமாற்றம், விஞ்ஞானிகள் அதிர்ச்சி"ன்னு ஒரு தலைப்பு கண்ணுல படும், அதை சொந்தக்காரங்க யாராவது குரூப்ல போட்டு கீழ "எல்லாரும் ஜாக்கிரதை"ன்னு மட்டும் எழுதியிருப்பாங்க, எதுக்கு ஜாக்கிரதைன்னு போட்டவங்களுக்கும் தெரியாது படிக்கற நமக்கும் தெரியாது. ஃப்ளூ வைரஸ் உருமாறுறது ஒரு செய்தியே இல்லைங்க. அது தினமும் பண்ற வேலையே அதுதான். எங்க மாறுச்சு, யார் உடம்புல மாறுச்சு, மாறினது அங்கேயே நின்னுடுச்சா இல்ல அடுத்த ஆளுக்குப் போச்சா, இதுதான் செய்தி. இந்த மூணையும் ஒரு நியூஸ்ல இருந்து எப்படிப் பிரிச்சு எடுக்கறதுன்னுதான் இங்க எழுதறேன். பயாலஜி படிச்சிருக்கணும்னு இல்ல, கொஞ்சம் பொறுமை இருந்தா போதும்.

முதல்ல வைரஸை ஒரு தடவை பிரிச்சுப் பாத்துடுவோம். பறவைக் காய்ச்சல் வைரஸ் இன்ஃப்ளூயன்சா ஏங்கற ஃப்ளூ வகை, அதுக்குள்ள இருக்கறது 8 ஆர்என்ஏ துண்டு (வைரஸோட மரபுக் குறிப்பு எழுதியிருக்கற இழை), எட்டையும் சேத்தா சுமார் 13,500 எழுத்து. மனுஷனோட ஜீனோம் 300 கோடி எழுத்துன்னு நினைச்சுப் பாத்தா இது ஒண்ணுமே இல்ல. இந்த எட்டையும் காப்பி எடுக்கற மெஷினுக்குப் பேரு பாலிமரேஸ், அதுக்கு எழுதினதைத் திரும்பப் பாத்து திருத்தற பழக்கம் கிடையாது (கொரோனா வைரஸுக்கு ஓரளவு அந்த வசதி இருக்கு, ஃப்ளூவுக்கு சுத்தமா இல்ல). அதனால கிட்டத்தட்ட காப்பிக்கு ஒரு தப்புங்கற கணக்குல பிழை விழுந்துக்கிட்டே இருக்கும். ஒரு ஆளோட மூக்குல கோடிக்கணக்குல வைரஸ் உருவாகுது, அப்ப எத்தனை விதமான பிழை அங்க சுத்திக்கிட்டு இருக்கும்னு பாத்துக்கங்க. பெரும்பாலான பிழை வைரஸுக்கே ஆகாது, அந்தக் காப்பி உருப்படாம போயிடும். சிலது இருந்தாலும் இல்லாட்டாலும் ஒண்ணுதான். எப்பவாவது ஒண்ணுதான் அந்த நேரத்துல அந்த உடம்புல அதுக்குக் கைகொடுக்கும், அப்ப அந்தக் காப்பி மத்ததை ஓரம்கட்டிட்டு மேல வந்துடும். அதனால "வைரஸ்ல 12 ம்யூட்டேஷன் கண்டுபிடிப்பு"ன்னு எண்ணிக்கையை மட்டும் போட்டா நீங்க கண்டுக்காம அடுத்த பத்திக்குப் போயிடலாம்.

அடுத்து, பேரைப் படிக்கக் கத்துக்கணும். நியூஸ்ல "ஏ/டெக்சஸ்/37/2024" அப்படின்னு வந்தா: ஏ வகை வைரஸ், டெக்சஸ்ல எடுத்தது, அந்த லேபோட 37ஆம் நம்பர் சாம்பிள், வருஷம் 2024. இதுல எந்த உயிரினம்னு போடலைன்னா அது மனுஷங்ககிட்ட எடுத்தது. மிருகம் பறவைன்னா அதோட பேரு நடுவுல வரும், "ஏ/கூஸ்/குவாங்டாங்/1/1996" மாதிரி, அது 1996ல சீனாவுல ஒரு வாத்துக்கிட்ட எடுத்தது, இன்னைக்கு உலகம் பூரா சுத்தி கோழியைக் கொல்ற எச்5 வைரஸுக்கெல்லாம் அதுதான் மூதாதை (எச்5ன்னா வைரஸ் மேல இருக்கற எச்ஏங்கற புரதத்துல அஞ்சாவது வகை, எச்3, எச்7ம் அதே மாதிரிதான்). இந்த ஒரு விஷயம் தெரிஞ்சாலே பாதி குழப்பம் போயிடும், ஏன்னா "புது ஆபத்தான வைரஸ்"னு எழுதியிருப்பாங்க, பேரைப் பாத்தா நடுவுல ஏதோ ஒரு கடற்பறவை பேரு இருக்கும்.

ம்யூட்டேஷன் பேரும் இதே மாதிரிதான். கொரோனா டைம்ல டி614ஜின்னு ஒண்ணு கேள்விப்பட்டிருப்பீங்க, ஸ்பைக் புரதத்துல 614ஆவது இடத்துல டிங்கற அமினோ அமிலம் (புரதத்தைக் கட்டற செங்கல் மாதிரி) போய் ஜி வந்துடுச்சுன்னு அர்த்தம், அவ்ளோதான். ஃப்ளூலயும் அதே ஃபார்மட், முன்னாடி எந்தப் புரதம்னு போடுவாங்க. ஒரே ஒரு தொந்தரவு, ஃப்ளூவோட எச்ஏ புரதத்துல நம்பர் போடறதுக்கே ரெண்டு மூணு முறை இருக்கு, எச்3ஐ வெச்சு எண்றவங்க ஒரு நம்பர் சொல்வாங்க எச்5ஐ வெச்சு எண்றவங்க வேற நம்பர் சொல்வாங்க, ரெண்டும் ஒரே இடமா இருக்கும். ரெண்டு கட்டுரையில ரெண்டு நம்பர் பாத்துட்டு ரெண்டு புது ம்யூட்டேஷன்னு நினைச்சு நானே ஒரு நாள் முழுக்க குழம்பியிருக்கேன்.

இப்ப முக்கியமான இடம். தொத்தறது வேற, நோய் கடுமையாகறது வேற, ஆளுக்கு ஆள் பரவுறது வேற. நியூஸ்ல இந்த மூணையும் "ஆபத்து"ங்கற ஒரே வார்த்தையில போட்டு அடைச்சுடுவாங்க. ஒரு வைரஸ் மனுஷனுக்குத் தொத்தி ஆளையே கொன்னுட்டு பக்கத்துல இருந்தவங்களுக்குப் போகாமலே நின்னுடலாம், ஹாங்காங்ல 1997ல அதுதான் நடந்தது, 18 பேருக்கு வந்து 6 பேர் இறந்தாங்க, கோழியை எல்லாம் அழிச்சதும் நின்னுடுச்சு. இன்னொண்ணு லேசான நோயைக் குடுத்துட்டே உலகம் பூரா போயிடலாம், 2009 எச்1என்1 (பன்றிக் காய்ச்சல்) பெரும்பாலானவங்களுக்கு அப்படித்தான் இருந்தது. அதனால எந்த நியூஸைப் படிச்சாலும் "இது இந்த மூணுல எதைப் பத்தி பேசுது"ன்னு பக்கத்துல ஒரு கேள்வி போட்டுக்கங்க.

இதுல எல்லாரும் வழுக்கி விழற வார்த்தை ஒண்ணு இருக்கு, "அதிவீரியம்". பறவைக் காய்ச்சலை அதிவீரியம், குறைவீரியம்னு பிரிப்பாங்க இல்லையா, அந்த லேபிள் கோழிக்கு மட்டும்தாங்க. லேப்ல கோழிக்கு ஊசி போட்டு எத்தனை சாகுதுன்னு பாத்து ஒட்டற லேபிள் அது. எச்ஏ புரதம் வேலை செய்யணும்னா ஒரு இடத்துல அதை வெட்டி விடணும், சாதாரண வைரஸ்ல அந்த வெட்டற என்சைம் மூச்சுக்குழாய் குடல் மாதிரி சில இடத்துல மட்டும்தான் கிடைக்கும், அதனால வைரஸும் அங்கேயே கிடக்கும். எச்5, எச்7 வகையில சிலதுல அந்த வெட்டுற இடமே மாறிப்போய் உடம்புல எல்லா செல்லுலயும் இருக்கற என்சைமே வெட்டற மாதிரி ஆயிடும், அப்ப மூளை இதயம்னு எல்லா இடத்துக்கும் போய் ரெண்டு நாள்ல மொத்தப் பண்ணையும் காலி. ஆனா இது மனுஷனுக்கு என்ன பண்ணும்ங்கறது தனிக் கேள்வி. 2013ல சீனாவுல வந்த எச்7என்9 கோழிக்குக் குறைவீரியம், கோழி தும்மக்கூட இல்ல, அதனாலயே யாருக்கும் தெரியாம சந்தை சந்தையா பரவுச்சு, மனுஷங்கள்ல 1,500க்கும் மேல கேஸ், அதுல 600க்கும் மேல சாவு. கோழிக்கு ஒண்ணும் ஆகலைங்கறதே அங்க பிரச்னையாப் போச்சு.

சரி, ஒரு பறவை வைரஸ் பாலூட்டிக்குள்ள வந்து குடித்தனம் பண்ணணும்னா என்னென்ன தடையைத் தாண்டணும்? நான் இதை மூணு கதவுன்னு வெச்சுக்குவேன், நியூஸ்ல வர்ற ம்யூட்டேஷன் எந்தக் கதவோடதுன்னு பாத்தா போதும்.

முதல் கதவு செல்லுக்குள்ள நுழையறது. எச்ஏ புரதம் செல்லு மேல இருக்கற சியாலிக் அமிலம்ங்கற சர்க்கரையைப் பிடிச்சுத்தான் உள்ள போகும். அந்தச் சர்க்கரை கீழ இருக்கறதோட சேர்ற விதம் ரெண்டு இருக்கு, ஆல்ஃபா 2,3 ஒண்ணு, ஆல்ஃபா 2,6 இன்னொண்ணு. பறவைக் குடல்ல முதல் வகை அதிகம், மனுஷனோட மூக்கு தொண்டையில ரெண்டாவது அதிகம். பறவை வைரஸ் முதல் வகைக்குப் பழகினது, அதனால நம்ம மூக்குல அதுக்குப் பிடி கிடைக்காது. ஆனா நம்ம நுரையீரலோட அடியிலயும் கண்ணோட மேல்சவ்வுலயும் பறவை வகைச் சர்க்கரை இருக்கு. இதை வெச்சே ரெண்டு புதிர் அவிழும், பறவைக் காய்ச்சல் வந்தவங்க சிலருக்கு ஏன் நேரா கடுமையான நிமோனியா ஆகுது ஆனா பக்கத்து ஆளுக்கு ஏன் பரவலை (அடியில இருக்கறது இருமினாலும் தும்மினாலும் லேசுல வெளிய வராது), அமெரிக்கால பால் பண்ணை ஆளுங்க நிறைய பேருக்கு ஏன் கண்ணு மட்டும் சிவந்துச்சு. எச்ஏல மாற்றம்னு நியூஸ் வந்தா அது பிடிக்கற சர்க்கரை மாறுதான்னுதான் ஆராய்ச்சிக்காரங்க முதல்ல பாப்பாங்க, அதை லேப்ல சோதிச்சுப் பாத்தாங்களா இல்ல சீக்வென்ஸை (மரபுக் குறிப்போட எழுத்து வரிசையை) மட்டும் பாத்துட்டு சொல்றாங்களான்னு நீங்க பாருங்க. இது ரெண்டுக்கும் நிறைய தூரம்.

ரெண்டாவது கதவு உள்ள போனதுக்கப்புறம் காப்பி எடுக்கறது. பாலிமரேஸ் தனியா வேலை செய்யாது, வீட்டுக்காரனோட புரதத்தைக் கடன் வாங்கித்தான் ஓடும், அதுல முக்கியமானது ஏஎன்பி32ஏன்னு ஒண்ணு. பறவைக்கு இருக்கற ஏஎன்பி32ஏவும் நமக்கு இருக்கறதும் அளவுலயே வேற, பறவையோடதுல 33 அமினோ அமிலம் கூட இருக்கு, பறவை பாலிமரேஸ் அதுக்குப் பழகினதால நம்ம செல்லுல தடுமாறும். டெம்பரேச்சர் இன்னொரு இடிப்பு, பறவைக் குடல் 40 டிகிரிக்கு மேல இருக்கும், நம்ம மூக்கு 33 டிகிரி பக்கம். இந்தத் தடுமாற்றத்தைச் சரி பண்ற மாற்றங்கள் பெரும்பாலும் பாலிமரேஸோட ஒரு பாகமான பிபி2ங்கற புரதத்துலதான் வரும், அதான் நியூஸ்ல பிபி2 பேரு அடிக்கடி அடிபடுது. ஒண்ணு கவனிக்கணும், இது பாலூட்டி உடம்புக்குள்ள வைரஸ் போனா ரொம்ப சீக்கிரமே தலை காட்டற மாற்றம், பூனை நரி சீல்னு எது எதுலயோ வந்திருக்கு, மனுஷனுக்கு வந்தாலும் சில சமயம் அந்த ஒரு ஆளுக்குள்ளயே உருவாகி அவரோடயே முடிஞ்சுடும். அதனால பிபி2 மாற்றம்னு படிச்ச உடனே குடி முழுகிப் போயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல.

மூணாவது கதவு நம்ம எதிர்ப்பு. எம்எக்ஸ்ஏன்னு ஒரு புரதம் நம்ம செல்லுல காவக்காரன் மாதிரி இருக்கு, பறவை வைரஸை நல்லாவே அமுக்கும், மனுஷனுக்குப் பழகின ஃப்ளூ வைரஸ் அதுல இருந்து தப்பிக்கக் கத்துக்கிட்டதுதான். 2023ல பிடிஎன்3ஏ3ன்னு இன்னொரு காவக்காரனையும் கண்டுபிடிச்சாங்க. வைரஸ் பக்கம் என்எஸ்1னு ஒரு புரதம், நம்ம செல்லு அடிக்கற இன்டர்ஃபெரான் அலாரத்தை அமுக்கறதுதான் அதோட வேலை. நோய் எவ்வளவு கடுமைங்கறது பாதி இங்கதான் முடிவாகுது, அதுலயும் வேடிக்கை என்னன்னா சில சமயம் வைரஸை விட நம்ம உடம்போட பதிலடி ஓவரா போய்த்தான் நுரையீரல் நாசமாகும். அப்புறம் பழைய நினைவு. நீங்க பொறந்த காலத்துல எந்த ஃப்ளூ சுத்துச்சோ அதுதான் உங்க உடம்புல ஆழமா பதிஞ்சிருக்கும், 1968க்கு முன்னாடி பொறந்தவங்களுக்கு எச்5 கொஞ்சம் கம்மியாவும் அப்புறம் பொறந்தவங்களுக்கு எச்7 கம்மியாவும் தாக்குச்சுன்னு 2016ல ஒரு ஆய்வு வந்தது, சின்ன வயசுல பாத்த வைரஸோட குடும்பத்தை உடம்பு மறக்கறதில்லன்னு அதுக்கு விளக்கம். ஆக ஒரே ம்யூட்டேஷன் ரெண்டு பேருக்கு ரெண்டு விதமா வேலை செய்யலாம்.

மூணு கதவும் ஒண்ணா திறக்கணும், அதுவும் வைரஸ் தன்னோட மத்த வேலையைக் கெடுத்துக்காம. ஒரு இடத்துல ஆதாயம்னா இன்னொரு இடத்துல நஷ்டம் இருக்கும். 25 வருஷத்துக்கு மேல எச்5என்1 நம்மகிட்ட வந்து வந்து போயும் மனுஷங்களுக்குள்ள நிலைச்சு நிக்காததுக்கு இது ஒரு காரணம்.

ஆனா வைரஸுக்கு ஒரு குறுக்கு வழி இருக்கு, நான் ம்யூட்டேஷனை விட இதைத்தான் அதிகம் கவனிப்பேன். எட்டு துண்டுன்னு சொன்னேன்ல, ஒரே செல்லுக்குள்ள ரெண்டு விதமான ஃப்ளூ ஒரே நேரத்துல புகுந்துட்டா சீட்டுக்கட்டு கலைக்கற மாதிரி துண்டெல்லாம் கலந்து புது வைரஸ் வெளிய வரும், இதுக்கு ரீஅசார்ட்மென்ட்னு பேரு. எழுத்து எழுத்தா மாற வேண்டியதில்ல, மனுஷனுக்கு ஏற்கனவே பழகின துண்டை அப்படியே எடுத்துக்கலாம். 1957ல வந்த எச்2என்2 அப்படித்தான், அப்ப மனுஷங்ககிட்ட இருந்த வைரஸ் எச்ஏ, என்ஏ (வைரஸ் மேல இருக்கற இன்னொரு புரதம், பேருல வர்ற 'என்' அதோட வகை), பிபி1 (பாலிமரேஸோட இன்னொரு பாகம்) மூணு துண்டைப் பறவைகிட்ட இருந்து வாங்கிக்கிச்சு. 1968ல எச்3என்2 ரெண்டு துண்டு வாங்குச்சு, எச்ஏவும் பிபி1ம். 2009 வைரஸ் பன்றிக்குள்ள பல வருஷமா கலந்து கலந்து வந்தது. பன்றியோட மூச்சுக்குழாய்ல பறவை வகை மனுஷ வகை ரெண்டு சர்க்கரையும் இருக்கறதால அது கலக்கற பாத்திரம்னு ரொம்ப நாளா சொல்லிட்டு வராங்க. இப்ப "ஜீனோடைப்"னு நியூஸ்ல வர்றது, பி3.13, டி1.1ன்னெல்லாம், அதுவும் இந்தத் துண்டுக் கலவையோட பேருதான், எந்தப் பறவை வைரஸ்ல இருந்து எந்தத் துண்டு வந்ததுன்னு வெச்சுப் பிரிக்கறது. "கிளேட் 2.3.4.4பி"ன்னு வந்தா அது எச்ஏ துண்டோட வம்சாவளி மட்டும். ஒரே கிளேட்ல பல ஜீனோடைப் இருக்கலாம், ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க.

சாம்பிள் எங்க இருந்து எடுத்ததுன்னு கேக்காம எந்த நியூஸையும் நம்பாதீங்க. மூக்குல எடுத்ததா, கண்ணுலயா, நுரையீரல் அடியிலயா? நோய் வந்து எத்தனாவது நாள்? ஆஸ்பத்திரியில மூணு வாரம் படுத்திருந்த ஒருத்தர் உடம்புல வைரஸ் பழகறதுக்கு நேரம் நிறைய கிடைச்சிருக்கும், அங்க பாக்கற மாற்றம் அவருக்குத் தொத்தின வைரஸ்ல இருந்திருக்கணும்னு இல்ல. அந்த மாற்றம் எல்லா வைரஸ்லயும் இருக்கா இல்ல கலவையில ஒரு பங்கா? லேப்ல முட்டையிலயோ செல்லுலயோ வளத்தப்புறம் சீக்வென்ஸ் பண்ணாங்களா இல்ல நேரா சாம்பிள்லயா? முட்டையில வளர்றதே வைரஸுக்கு ஒரு புது வீடு மாதிரிதான், அங்கயும் மாறும், சீசன் ஃப்ளூ தடுப்பூசி சில வருஷம் சுமாரா வேலை செஞ்சதுக்கு இந்த முட்டைப் பழக்கத்தையும் ஒரு காரணமா சொல்றாங்க.

அடுத்து எந்தப் பிராணிங்கற கேள்வி. செத்த பறவையைத் தின்ன ஒரு நரிக்கு வந்ததுன்னா அது அதோட முடிஞ்ச கதை. ஒரே இன மிருகம் கூட்டமா சாகுதுன்னா காதைத் தீட்டிக்கணும். 2022 அக்டோபர்ல ஸ்பெயின்ல ஒரு மிங்க் (ரோமத்துக்காக வளக்கற சின்னப் பிராணி) பண்ணையில வந்தப்ப ஒரு கூண்டுல இருந்து பக்கத்துக் கூண்டுக்குப் போன மாதிரி இருந்தது, அதான் அந்தச் சின்னப் பண்ணையைப் பத்தி அவ்வளவு பேசினாங்க. 2023ல அர்ஜென்டினாவுல வால்டெஸ் தீபகற்பத்துல யானை சீல் குட்டிங்க 17,000க்கும் மேல செத்துச்சு, அங்க பாலூட்டில இருந்து பாலூட்டிக்கு நேரா பரவியிருக்குன்னு சீக்வென்ஸ் காட்டுச்சு. 2024 மார்ச்ல அமெரிக்கால பசு மடியில கண்டுபிடிச்சாங்க, பால் கறக்கற மெஷின் வழியா மாடு மாடாப் போய் ஒரு வருஷத்துல 17 மாநிலத்துல ஆயிரம் மந்தை பக்கம் ஆச்சு. யாருமே எதிர்பாக்காத இடம் அது, எல்லாரும் பன்றியையே பாத்துக்கிட்டு இருந்தாங்க, மாடு பின்வாசல்ல வந்துடுச்சு.

சாவு சதவீதம் பத்தி ரெண்டு வரி. உலக சுகாதார நிறுவனம் கணக்குல 2003ல இருந்து எச்5என்1 கேஸ் 950க்கும் மேல, அதுல பாதிக்குக் கொஞ்சம் கம்மியா இறந்திருக்காங்க. இது பெரும்பாலும் ஆஸ்பத்திரி வரைக்கும் வந்தவங்க கணக்கு, லேசா வந்து போனவங்க நிறைய பேர் இதுல இல்ல. "பாதிப் பேரைக் கொல்லும் வைரஸ்"னு எழுதறவங்க மொத்தம் எத்தனை பேருக்குத் தொத்துச்சுங்கற எண்ணைப் பத்தி பேசவே மாட்டாங்க.

இப்ப நிஜ கேஸை வெச்சுப் பழகிப் பாக்கலாம். 2024 மார்ச் கடைசியில டெக்சஸ்ல பால் பண்ணை ஆள் ஒருத்தருக்கு வந்தது, மேல பேரு சொன்ன அந்த வைரஸ்தான். அவர்கிட்ட எடுத்த வைரஸ்ல பிபி2ல பாலூட்டிக்குப் பழகற மாற்றம் ஒண்ணு இருந்தது, எச்ஏ இன்னும் பறவை மாதிரியேதான். அதாவது ரெண்டாவது கதவு கொஞ்சம் திறந்திருக்கு, முதல் கதவு மூடியே இருக்கு. ஆளுக்கு என்ன ஆச்சு? கண்ணு சிவப்பு, அவ்ளோதான், சரியாயிட்டார், கூட இருந்தவங்களுக்கு வரலை. ஆனா அதே வைரஸை அமெரிக்க சிடிசி (நோய்த் தடுப்பு மையம்) லேப்ல ஆறு ஃபெரட்டுக்கு (ஃப்ளூ ஆராய்ச்சிக்கு வெச்சுக்கற, கீரி மாதிரி ஒரு பிராணி) குடுத்தப்ப ஆறும் செத்துப்போச்சு, கூடவே அடைச்சு வெச்ச ஃபெரட்டுக்கு ஈஸியா பரவுச்சு, காத்து வழியா மட்டும்னா அவ்வளவா பரவலை. ஃபெரட் ரிசல்ட்டை மட்டும் படிச்சவருக்குத் தூக்கம் போயிருக்கும், மனுஷ ரிசல்ட்டை மட்டும் படிச்சவர் இது என்ன கண்ணு வலின்னு விட்டிருப்பார். ஃபெரட் நல்ல அளவுகோல்தான், ஆனா வைரஸ் எவ்வளவு, எந்த வழியா உள்ள போச்சு, முன்னாடி ஃப்ளூ வந்த உடம்பா இல்லையாங்கறதெல்லாம் மாறினா விடையும் மாறிடும்.

அதே வருஷம் நவம்பர்ல கனடாவுல பிரிட்டிஷ் கொலம்பியால ஒரு டீனேஜ் பொண்ணு, டி1.1 வைரஸ், நிலைமை ரொம்ப மோசமாகி வாரக்கணக்குல ஐசியூல இருந்து பிழைச்சு வந்தா. எச்ஏலயும் கலவையா மாற்றம் தெரிஞ்சது. இதைப் படிச்சப்ப நானும் கொஞ்சம் நிமிந்துதான் உக்காந்தேன். ஆனா அடுத்த வரி என்னன்னா, வீட்டுக்காரங்க ஆஸ்பத்திரிக்காரங்க யாருக்கும் போகலை. கொஞ்ச நாள்லயே அமெரிக்காவோட லூசியானால ஏற்கனவே உடம்பு சரியில்லாத 65 வயசுக்கு மேற்பட்ட ஒருத்தருக்கு வந்தது, அவர் சாம்பிள்லயும் எச்ஏ மாற்றம் சின்னப் பங்கா இருந்தது, அவர் வீட்டுக் கோழி வைரஸ்ல பாத்தா அந்த மாற்றம் இல்ல. அதாவது அது அவர் உடம்புக்குள்ளயே உருவானது. கோழியிலயே இருந்திருந்தா நிலைமை வேற, அப்ப அடுத்து தொத்தறவங்களுக்கு எல்லாம் அந்த மாற்றத்தோடயே ஆரம்பிச்சிருக்கும். அவர் இறந்துட்டார்னு 2025 ஜனவரி 6ல அறிவிச்சாங்க, எச்5 பறவைக் காய்ச்சல்ல அமெரிக்காவோட முதல் மரணம். தலைப்புல வந்தது மரணம். எனக்கு முக்கியமா பட்டது நடுவுல எங்கயோ இருந்த அந்தக் கோழி வரி.

இந்த மாதிரி நியூஸ் வந்தா நான் கடைசியில தேடறது ரெண்டே விஷயம். ஒண்ணு, கூட இருந்தவங்க ரத்தத்துல ஆன்டிபாடி டெஸ்ட் பண்ணாங்களா, ஏன்னா அறிகுறி இல்லாம வந்து போனதை அதுதான் காட்டும், மூக்குல குச்சி விட்டுப் பாக்கறது வைரஸ் அங்க இருக்கற அந்த நாலஞ்சு நாளோட முடிஞ்சுடும். இன்னொண்ணு, அந்த ஊர்ல அப்ப சீசன் ஃப்ளூ ஓடிக்கிட்டு இருந்ததா. பறவைக் காய்ச்சலும் சீசன் ஃப்ளூவும் ஒரே ஆளுக்கு ஒரே நேரத்துல வந்துடக்கூடாதுங்கறதுதான் கவலை. 2024ல அமெரிக்கா பால் பண்ணை ஆளுங்களுக்கு சாதாரண சீசன் ஃப்ளூ ஊசி போடத் தனியா பணம் ஒதுக்குச்சு, அந்த ஊசி எச்5ஐத் தடுக்கும்னு சொல்லிப் போடலை, சீட்டுக்கட்டு கலையறதுக்கு ரெண்டாவது கட்டு அங்க இல்லாம பாத்துக்கத்தான்.